நுனி இலை நாலு, ஏடு எண்பது

எங்கள் ஊருக்குள் வருவதற்கு ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அதன் மேல் கிடந்த மரப்பாலத்தில் பாதிப் பலகைகள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டன. மிச்சம் இருந்தவற்றில் எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாது என்பது நடக்கத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்று மைல் சுற்றிப் போனார்கள். அந்தப் பாலத்துக்காகச் சித்தப்பா மனு எழுதி எழுதியே அவருடைய கையெழுத்து அழகாகிவிட்டது என்று அம்மா கேலி செய்வாள்.

அப்படிப்பட்ட பாலத்துக்கு ஒரு தை மாதக் காலையில், யாரும் கேட்காமலே, ஓவர்சியர் ஒருவர் எட்டு ஆட்களோடு வந்து புதுப் பலகை அடித்தார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. பக்கவாட்டில் இரும்புப் பட்டைகூடப் போட்டார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்சி மாறி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. கரை வேட்டியை அவர் குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பார். "பாத்தீங்களா? நம்ம ஆட்சியில மனு போட்டா மதிப்பு இருக்கு" என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு, ஓவர்சியருக்குப் போட ஒரு சாமந்தி மாலையும் வாங்கி வந்தார். மாலை வருவதற்குள் ஓவர்சியர் போய்விட்டார். அதனால் மாலையைப் பாலத்துக்கே போட்டார்.

அத்தை மட்டும் சந்தோஷப்படவில்லை. பாலத்தின் நடுவில் நின்று குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "மனுசன் நடக்குறதுக்கு இவ்வளவு கனத்துல பலகை எதுக்குடா தம்பி? இது லாரிக்குப் போட்டது" என்றாள்.

"நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதேக்கா" என்றார் சித்தப்பா.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடம் மாமியாரோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாளாம். யாராவது வந்து சமாதானம் பேசுவார்கள் என்று காத்திருந்து, ஒருவரும் வராமல், கோபம் தீர்வதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அண்ணன் வீட்டில் இருந்தாலும் அவள் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. ஆற்றங்கரைப் படுகையில் எங்களுக்கு ஒரு துண்டு வாழைத்தோட்டம் இருந்தது. காயும் தாரும் அப்பாவுடையவை, இலை அத்தையுடையது. சாயங்காலம் அறுத்துக் கட்டிவைத்து, காலையில் தலையில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவாள். அங்கே சாப்பாடு போடும் இரண்டு கிளப்புக் கடைகளும் ஒரு மெஸ்ஸும் அவளிடம்தான் இலை எடுத்தன. அந்த வருமானத்தில்தான் அவளுடைய புடவையும் வெற்றிலையும். என்னுடைய நோட்டுப் புத்தகங்களும் அதில்தான். அவள் இடுப்புச் சுருக்குப் பையில் கைவைக்கும் உரிமை எங்கள் வீட்டில் அப்பாவுக்கே கிடையாது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்தால்தான் வகுப்பு. அதனால் என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். தினமும் காலையில் அத்தையோடு போவேன். அவள் தலையில் இலைக்கட்டு, என் தோளில் பை. இரண்டு மைல் தூரமும் பேசிக்கொண்டே போவோம். அதாவது நான் பேசுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டவுனில் நாளைக்கு என்ன நடக்கும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுவாள். எல்லாம் இலைக் கணக்குதான். கிளப்புக் கடைக்காரர் நுனி இலை ஐம்பது அதிகமாகக் கேட்டால் பக்கத்தில் எங்கோ நிச்சயதார்த்தம். நுனி இலை நாலைந்து மட்டும் கேட்டு, அதுவும் கிழிசல் இல்லாமல் பார்த்து எடுத்தால், பயணியர் விடுதிக்கு ஏதோ அதிகாரி வருகிறார். நுனியை வெட்டிய பிறகு மிச்ச இலையைத் துண்டு போட்டால் அதற்கு ஏடு என்று பெயர். சாதாரண ஆட்கள் சாப்பிடுவது ஏட்டில். ஏடு திடீரென்று நூறு கேட்டால் எங்கோ கூட்டம், மாநாடு. ஒருமுறை ஒரு மந்திரி வரப்போவதைச் சித்தப்பாவின் கட்சிக் கிளைக்குத் தகவல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அத்தை சொல்லிவிட்டாள். சித்தப்பா அதை நம்பவில்லை. மறுநாள் நம்பினார். அதை வெளியே சொல்லாமல் மறைத்தும் கொண்டார்.

ஒரே ஒரு முறை அவள் கணக்குப் பார்க்கத் தவறிவிட்டாள். அதைப் பற்றிப் பேசினாலே முகம் வாடிவிடும். போன குறுவை அறுப்பின்போது ஒரு நாள் கடைக்காரர் விடியற்காலைக்கு ஏடு அறுபது கேட்டார். அத்தையும் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் சாப்பிட்டவர்கள் ரிசர்வ் போலீஸ்காரர்கள். சாப்பிட்ட கையோடு பக்கத்து ஊருக்குப் போய் வயலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிக் குத்தகைக்காரர்களின் பயிரை மத்தியானத்துக்குள் அறுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே பயிர் வைத்திருந்தவர்களில் ஒருத்தி அத்தையோடு சின்ன வயதில் நாற்றுப் பறித்தவள்.

பயிரோடு போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். போனது அது மட்டும் இல்லை. யார் பயிர் வைக்கிறார்களோ அவர்கள் பெயரைக் குத்தகைதாரர் என்று சர்க்கார் பதிவில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் பிறகு லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். கணக்குப்பிள்ளை எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் 'சொந்த அறுவடை' என்று ஒரு வரி விழுந்துவிட்டால் போதும், மூன்று தலைமுறையாக உழுதவன்கூட அந்த வயலுக்கு வழிப்போக்கன்தான்.

எங்கள் வயலும் குத்தகை வயல்தான். அப்பா, சித்தப்பா, எதிர்வீட்டுப் பெரியப்பா என்று மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு மா, ஏக்கர் கணக்கில் நாலு. மிராசுதார் டவுனில் இருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு எல்லாமாக இருந்தவர் காரியஸ்தர். 'வயலை விட்டுக்கொடுத்துவிட்டோம்' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டு அவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அப்பா போடவில்லை. மூன்றாம் முறை வராமல் நின்றுவிட்டார். அவர் வராததே நல்லது என்று அம்மா நினைத்தாள்.

பாலத்துக்கு மாலை போட்டு மூன்றாம் நாள் இருக்கும். நானும் அத்தையும் வழக்கம்போல் கிளப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இலையை எண்ணி வாங்கிக்கொண்டு, மறுநாளைக்கு வேண்டியதைச் சொன்னார்.

"நுனி இலை நாலு வேணும்மா, நல்லதா. ஏடு ஒரு எண்பது. அப்புறம் பொட்டலம் கட்டுறதுக்கு வாழைச் சருகு இருக்கா?"

"எத்தனைக்குங்க?"

"அதுவும் எண்பது பொட்டலத்துக்கு. காலையில அஞ்சு மணிக்கே பந்தி. இன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து போட்டுடு."

"சரிங்க முதலாளி" என்றாள் அத்தை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பாமல் ஊர்ப்பக்கம் நடந்தாள். நடை என்றா சொன்னேன், எனக்கு அது ஓட்டம்.

"அத்தை, பள்ளிக்கூடம்?"

"இன்னைக்கு வேணாம்."

எனக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அதனால் காரணம் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். அத்தை மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "அண்ணே, நாளைக்கு விடிஞ்சா போலீஸ் வருது. நம்ம வயலுக்குத்தான். இன்னைக்கே அறுத்தாகணும்."

"யாரு சொன்னா?" என்றார் அப்பா.

"இலை சொல்லுது. அஞ்சு மணிக்கு எண்பது பேரு திங்குறாங்க. மத்தியானச் சோத்தைப் பொட்டலமா கட்டிக்கிறாங்க. டவுன்லயே இருக்குறவன் எதுக்குப் பொட்டலம் கட்டுறான்? கிளப்புக் கடை இல்லாத ஊருக்குப் போறான். அது எந்த ஊருங்குறதைத்தான் பாலத்துல பலகை அடிச்சுக் காட்டிட்டானே."

பாலத்தில் இன்னும் காய்ந்த சாமந்தி தொங்கிக்கொண்டிருந்தது.

"நுனி இலை நாலு கேட்டிருக்காங்க" என்று அத்தை தொடர்ந்தாள். "போலீசு மட்டும் வந்தா அடிக்க வருது. கூட தாசில்தாரும் வந்தா எழுத வராங்கன்னு அர்த்தம். நேரா வந்து பார்த்து, மிராசுதாரு அறுத்தாருன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

அப்பா வயல் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு பயம் இருந்தது. பயிர் பழுத்திருந்தது, ஆனால் முழுதாக இல்லை. இன்னும் ஐந்து நாளாவது நிற்க வேண்டும். இப்போதே அறுத்தால் முற்றாத கருக்காய் கலக்கும், எடை குறையும். அத்தையின் கணக்குத் தப்பாக இருந்தால், போலீசும் வராமல், காரியஸ்தருக்குச் சொல்லாமல் அறுத்த குற்றமும் சேர்ந்து, மிராசுதாருக்கு நாமே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது போலாகிவிடும்.

"தப்பாப் போச்சுன்னா?" என்றார்.

"தப்பாப் போனா என்னைத் திட்டுங்க. சரியாப் போயி நீங்க அறுக்காம இருந்தா யாரைத் திட்டுவீங்க?"

அப்பா கருக்கரிவாளை எடுத்தார்.

மூன்று வீட்டு ஆட்கள் பன்னிரண்டு மாவை ஒரு பகலில் அறுக்க முடியாது. அத்தை கூலி ஆட்கள் இருக்கும் தெற்குத் தெருவுக்குப் போனாள். அறுப்புக் கூலியை உயர்த்தித் தரச் சொல்லி அந்தத் தெரு அந்த வருடம் மிராசுதார்களோடு மட்டுமல்ல, எங்களைப் போன்ற குத்தகைக்காரர்களோடும் சண்டையில் இருந்தது. அப்பாவும் அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களில் ஒருவர். தெரு முனையில் நின்ற பெண் அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரோம். கூலி?"

"நீங்க கேட்டது."

"உங்க அண்ணன் ஒத்துக்குவாரா?"

"அவரு ஒத்துக்கிட்டதாலதான் நான் வந்தேன்" என்றாள் அத்தை. பின்னாலேயே வந்து நின்ற அப்பா அப்போதுதான் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டார். தலையை ஆட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கால் மணி நேரத்தில் ஐம்பது அறுபது பேர் வயலில் இறங்கினார்கள்.

அப்படி ஓர் அறுப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வரிசையாக நகர்ந்தார்கள். அறுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் களத்துக்கு ஓடினார்கள். அம்மா இரண்டு அண்டாவில் கூழ் காய்ச்சி வரப்புக்கே கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் பார்த்தபடி நான் வரப்பில் குதித்துக்கொண்டிருந்தேன். திருவிழா போல இருந்தது.

சித்தப்பாவுக்குப் பாலத்தில் காவல். டவுனிலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிவிடக் கூடாதே. அன்று அந்தப் பக்கம் வந்த ஒரே ஆள் காரியஸ்தரின் காவல்காரர். பயிர் எப்படி நிற்கிறது என்று எட்டிப் பார்க்கச் சைக்கிளில் வந்தார். சித்தப்பா அவரைப் பாலத்திலேயே மடக்கி, புதுப் பலகையில் உட்காரவைத்து, புகையிலை கொடுத்து, ஆட்சி செய்த சாதனைகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் ஆனதும் காவல்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று டவுனுக்கே போய்விட்டார். சித்தப்பாவின் அரசியல் பேச்சால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

இதற்கு நடுவில் மத்தியானத்துக்கு மேல் அத்தையைக் காணவில்லை. படுகையில் இலை அறுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இங்க ஊரே செத்துக்கிட்டிருக்கு, இவ போலீஸ்காரனுக்கு இலை அறுக்குறா" என்றாள்.

"இலை போகலைன்னா அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும் அண்ணி" என்றாள் அத்தை, கையை நிறுத்தாமல். "குடுத்த சொல்லுன்னும் ஒண்ணு இருக்குல்ல."

சாயங்காலம் இலைக்கட்டோடு அவள் கிளம்பியபோது நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். இருவரும் போனோம். கிளப்புக் கடையில் காரியஸ்தர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்! அத்தையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, உங்க அண்ணன் பயிர் எப்படி?"

"உங்க பங்குக்கு ஒரு குறையும் வராதுங்க" என்றாள் அத்தை.

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. பாதி வயலுக்கு மேல் அறுத்தாகிவிட்டது, இவருக்குத் தெரியவில்லையே! வாயைத் திறந்தேன். அத்தை சுருக்குப் பையைப் பிரித்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கடையில் ஒரு வடை வாங்கி, முழுதாக என் வாயில் திணித்தாள். சூடு. கண்ணில் நீர் வந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் திரும்பும்போது கடைசிப் பத்தையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் அடிப்பு ஆரம்பித்திருந்தது. அத்தை நேராகப் போய், "முதல்ல அடிக்கிறது மிராசுதாரு குத்தகை நெல்லு. அதை அளந்து தனியாக் கொட்டுங்க. அதுக்கப்புறம் நம்முது" என்றாள்.

"நம்மைத் துரத்த நினைக்கிறவனுக்கு முதல் நெல்லா?" என்றார் பெரியப்பா.

"ஆமாம். நாளைக்கு யாரும் நம்மளைத் திருடன்னு சொல்லக் கூடாது."

அப்படியே செய்தார்கள். குத்தகை நெல்லைக் களத்தின் நடுவில் அம்பாரமாகக் குவித்து, யாரும் தொட்டால் தெரியும்படி மேலே சாணிக் கரைசலால் குறி போட்டு, வைக்கோலால் மூடினார்கள்.

விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, லாரிச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜீப், பின்னால் இரண்டு லாரிகள். புதுப் பலகைகள் கடகடவென்று அதிர, மூன்றும் பாலத்தைத் தாண்டி வந்தன. ஒரு லாரியில் காக்கி உடுப்பு. இன்னொன்றில் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து கூட்டிவந்த அறுப்பு ஆட்கள். ஜீப்பிலிருந்து தாசில்தார், இன்ஸ்பெக்டர், காரியஸ்தர், கணக்குப்பிள்ளை என்று நாலு பேர் இறங்கினார்கள். நான் விரல்விட்டு எண்ணினேன். நுனி இலை நாலு! அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அவளைப்போல் ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளத் தேவை வரவில்லை.

எதிரே பன்னிரண்டு மாவும் அறுத்த பயிரின் அடித்தாள்தான். வயலைச் சுற்றி நிற்க வந்த போலீஸ்காரர்கள் எதைச் சுற்றி நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"எங்கேய்யா பயிர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

காரியஸ்தரின் முகம் வெளிறிவிட்டது. "சார், திருட்டு அறுப்பு! ராத்திரியோட ராத்திரியா..."

"நேத்துப் பட்டப்பகல்லங்க" என்று அத்தை முன்னால் வந்தாள். "ஊரே பார்த்துச்சுங்க. மிராசுதாரு குத்தகை நெல்லு அந்தாக் களத்துல குறி போட்டுக் கெடக்கு. திருடுறவங்க பங்கு அளந்து வச்சுட்டுப் போவாங்களா?"

தாசில்தார் களத்துக்கு நடந்துபோய் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார், "யாருய்யா பயிர் வச்சது?"

"நாங்கதாங்க."

"அறுத்தது?"

"நாங்கதாங்க."

காரியஸ்தர் தாசில்தாரின் காதருகில் போய் ஏதோ சொன்னார். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நேர்ல வந்து பார்த்து எழுதணும்னு கூட்டிட்டு வந்தது நீங்க. பார்த்துட்டேன். இனிமே பார்க்காததை எழுதச் சொல்றீங்களா?" என்றவர் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அடங்கல்ல எழுதுய்யா. குத்தகைதாரர் அறுவடை. மூணு பேரு பேரையும் போடு."

கணக்குப்பிள்ளை ஜீப்பின் முன்பக்கத்தில் பெரிய புத்தகத்தை விரித்து எழுதினார். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுவதை நான் பார்த்தது அன்றுதான். சித்தப்பா எந்தக் கட்சிக் கோஷமும் போடாமல் அக்காவின் காலடியில், ஈரத் தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் லாரி போய்விட்டது. அக்கரை ஆட்களுக்குத்தான் கஷ்டம். கூட்டிவந்த காரியஸ்தர் கூலி பேச நிற்கவில்லை. அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களிடம் போய், "களத்துல அடிப்பு பாக்கி இருக்கு. வாங்க, கஞ்சி குடிச்சுட்டு அடிங்க" என்றாள். முந்தின நாள் கூலி உயர்வையே முழுதாக விழுங்கி முடிக்காத அப்பா, இந்த முறை அவள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், வயிற்றில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. நுனி இலை என்றால் என்ன, ஏடு என்றால் என்ன, சருகு கேட்டால் என்ன அர்த்தம், கிளப்புக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அத்தை எப்படிக் கண்டுபிடித்தாள், காரியஸ்தர் காப்பி குடித்த அழகு என்ன, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். காரியஸ்தரின் மகள் என் வகுப்புதான். கதையில் அவளுடைய அப்பாவும் வருகிறாரே என்று அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவள் கண்கொட்டாமல் கேட்டாள். அவ்வளவு நன்றாக நான் எந்தக் கதையையும் அதற்குமுன் சொன்னதில்லை.

அடுத்த திங்கட்கிழமை அத்தை இலைக்கட்டை இறக்கியதும் கிளப்புக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார்.

"இனிமே இலை வேணாம்மா."

"அழுகலாக் குடுத்தேனா முதலாளி?"

"அதெல்லாம் இல்லை. உன் இலை மாதிரி வருமா? ஆனா எனக்கு என்ன ஆர்டர் வருதுன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதாம். உன்னை உள்ள விட்டா விடுதிச் சாப்பாடு வேற கடைக்குப் போயிடும்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. நான் கடை நடத்தணுமே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஊர்ல இவ்வளவு பேரு இருந்தும் ஒருத்தரும் வாய் தொறக்கலை. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துருக்கு சேதி" என்றார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, என் தோளிலிருந்து நழுவிய பையைச் சரியாக மாட்டிவிட்டாள். இன்னொரு கடையிலும் மெஸ்ஸிலும் அதே பதில்தான். குறையாத கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சீக்கிரம் போ அத்தை என்றேன்.

அப்பாவின் பெயர் பதிவில் ஏறியது. அந்த வயல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. என் தம்பிகள் படித்ததும் என் கல்யாணம் நடந்ததும் அதிலிருந்துதான். அத்தையின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த இலை வருமானம் ஒன்றுதான். அதைப் பறித்தது யார் என்று அவள் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "வெயில்ல நடக்க முடியலை அண்ணே, நான் வயல் வேலைக்கே வரேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் மூச்சு விடவில்லை, கடைசிவரை. 'உன்னால்தான்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவு மனது வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஆனால் அன்று எனக்கு ஒன்பது வயது. செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் பாலம்வரை வந்தாள். "இனிமே நீயே போயிக்க. வழி தெரியும்ல?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் இனி அத்தை கூட வர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன். பள்ளிக்கூடத்தில் அதையும் எல்லோரிடமும் சொன்னேன்.